பெய்யாத மழையும் தெரியாத மழையும்

மழைமானிப் பதிவேட்டில் பூச்சியம் என்று எழுதியிருந்தால் அன்று மழை பெய்யவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் மழை பெய்ததா இல்லையா என்பதே தெரியாது. இந்த வேறுபாட்டைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செக்ரோலில் அரைப்பேர் விழுந்தால் அம்மா மலைக்குப் போயிருக்கிறார், கொழுந்துதான் போதவில்லை. பேரே விழாவிட்டால் அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. வகுப்பறையிலும் அப்படித்தான். நான்கு பேரில் மூவர் 60, 70, 80 புள்ளிகள் எடுத்து, நான்காமவர் காய்ச்சலால் பரீட்சைக்கு வராவிட்டால் சராசரி 70. வராதவருக்குப் பூச்சியம் போட்டுக் கூட்டினால் அது 52.5 ஆகிவிடும், பாடம் கற்பித்த ஆசிரியையின் முகமும் அதற்கேற்ப மாறிவிடும்.

கணினிக்கும் இந்த வேறுபாடு தெரியும். 'இது எண்ணே அல்ல' என்று சொல்வதற்கென்றே அதனிடம் ஒரு தனிக் குறியீடு இருக்கிறது. சிக்கல் வருவது அந்தக் குறியீட்டை இன்னோர் எண்ணோடு ஒப்பிடும் இடத்தில். அந்த இடத்தில் நிரல் எழுதுபவர் கேள்வியை எந்தப் பக்கமாகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்து, 'தெரியாது' என்பது 'ஆபத்தில்லை' என்று மாறிவிடக் கூடும்.

லுணுகலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் கணிதப் புதிர் அல்ல. பதுளையிலிருந்து பசறை வழியாக இறங்கி லுணுகலையைக் கடந்து பிபிலைக்குப் போகும் ஏ5 பாதையில் ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் செங்குத்தான மண்மேடு, மறுபக்கம் பள்ளம், இடையிடையே லயங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கென மழையளவு எல்லைகளை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். நமது மாவட்டத்திலேயே 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அதன் பிறகு மலையகத்தில் 150 என்பது வெறும் எண் அல்ல.

இப்போது நமது பாடசாலைக் கணினி அறையில், தகவல் தொழினுட்பப் பாடத்துக்காக ஒரு சிறு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். (அரச நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லவில்லை.) நிரல் இவ்வளவுதான்:

மழை 150 ஐ விடக் கூடியதா? ஆம் எனில் 'வெளியேறுங்கள்' என்று காட்டு. இல்லை எனில் 'ஆபத்தில்லை' என்று காட்டு.

எவ்வளவு எளிமை! 40 கொடுத்தால் ஆபத்தில்லை என்கிறது, 180 கொடுத்தால் வெளியேறச் சொல்கிறது. ஆசிரியையும் சரி போட்டுவிடுவார். ஆனால் அடைமழையில் மின்சாரம் போய், மானியிலிருந்து தகவல் வருவது நின்றுவிட்டால்? அந்த இடத்தில் 'எண் அல்ல' என்ற குறியீடு வந்து உட்காருகிறது. 'எண் அல்லாதது 150 ஐ விடக் கூடியதா?' என்று நிரல் கேட்கிறது. கணினி 'இல்லை' என்கிறது. திரையில் 'ஆபத்தில்லை' என்று வருகிறது. மானி செயலிழக்க மிகவும் வாய்ப்புள்ள நாள், மழை மிகக் கடுமையாகப் பெய்யும் நாள்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குறியீட்டின் ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே தமிழில் எழுதினால் 'நான்' என்று வந்து நிற்கும். 'நான் எதற்கும் சமனல்ல' என்று எழுதினால் வாசிப்பவர்கள் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே தமிழ் இலக்கண ஆசிரியர்களிடமிருந்து ஓர் உதவியைக் கடன் வாங்குகிறேன். அல் + திணை என்பது அஃறிணை ஆனது போல, எண் அல்லாததை 'அல்லெண்' என்று இந்தக் கட்டுரைக்காக மட்டும் அழைப்போம்.

அல்லெண்ணுக்கு விதி வகுத்தது 1985 இல் வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்ற நியமம். அதற்கு முன் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தசம எண்களைத் தன் விருப்பப்படி கையாண்டது. ஒரே கணக்குக்கு ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒவ்வொரு விடை வந்தது. அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியதில் முக்கிய பங்கு பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹானுக்கு உரியது. அதற்காக அவருக்கு 1989 இல் டியூரிங் விருது கிடைத்தது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால், முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் வரும் விடை அல்லெண். அல்லெண்ணோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் அல்லெண்ணே வரும். ஒப்பிட்டால்? சிறியதா, பெரியதா, சமனா என்ற மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்பதே பதில். தன்னோடு தானே சமனா என்று கேட்டாலும் 'இல்லை'!

இந்தக் கடைசி விதி முதலில் வாசிக்கும்போது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் இரண்டு மாணவிகள் பரீட்சைக்கு வரவில்லை என்பதற்காக இருவரும் ஒரே புள்ளி எடுத்தார்கள் என்று சொல்ல முடியுமா? தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமன் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அதோடு இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. தன்னோடு தானே சமனாக இல்லாத ஒரே மதிப்பு அல்லெண்தான் என்பதால், 'நீ உனக்குச் சமனா?' என்று கேட்டே அதைப் பெரும்பாலான நிரல்மொழிகளில் பிடித்துவிடலாம். கவனம் ஒன்று: நிரலை வேகமாக்குவதற்காகச் சிலர் மொழிமாற்றியிடம் 'அல்லெண் எதுவும் வராது என்று எடுத்துக்கொள்' என்று சொல்லிவிடுவதுண்டு. அப்போது அந்தச் சோதனையையே தேவையற்றது என்று அது நீக்கிவிடக் கூடும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைத்தது போல.

அல்லெண் கண்ணில் படும் விளைவைத் தந்த ஒரு சம்பவம் 2020 ஒக்டோபரில் நடந்தது. ரோபோரேஸ் என்ற சாரதியில்லாக் கார்ப் போட்டியில் ஒரு குழுவின் கார், ஓட்டம் தொடங்கிய கணத்திலேயே வலப்புறம் திரும்பிப் பக்கத்துச் சுவரில் மோதியது. உலகமே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. பின்னர் அந்தக் குழு தந்த விளக்கம்: திசைதிருப்பிக்கான கட்டளை அல்லெண் ஆகிவிட்டது, அதனால் திசைதிருப்பி முழுதாக வலப்பக்கம் பூட்டிக்கொண்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இருக்கவில்லை.

இதுவரை பேசியது பழைய கதை. இப்போது ஏன் இது மீண்டும் தலைதூக்குகிறது என்றால், எண்களின் உடல் மெலிந்து வருவதுதான் காரணம். முன்பு வானிலைக் கணிப்புகள் ஓர் எண்ணுக்கு 64 பிற்றுகள் ஒதுக்கின. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையம் 2021 மே மாதத்தில் தனது முன்னறிவிப்புகளை 32 பிற்றுக்கு மாற்றியது. மிச்சமான கணினி வலுவை வேறு மேம்பாடுகளுக்குப் பயன்படுத்தியது. செயற்கை நுண்ணறிவு இன்னும் கீழே இறங்கிவிட்டது. 16 பிற்று எண்கள் அங்கே சாதாரணம். 2022 இல் என்விடியா, ஆர்ம், இன்டெல் மூன்றும் சேர்ந்து 8 பிற்று எண் வடிவங்கள் இரண்டை முன்மொழிந்தன. எண் சிறுத்தால் நினைவகம் மிச்சம், மின்சாரம் மிச்சம், வேகம் அதிகம். துல்லியம்தான் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதை நமது 150 ஐ வைத்தே பார்ப்போம். 16 பிற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று 2008 நியமத்தில் சேர்ந்த 'அரைத் துல்லியம்'. அதில் 150 இன் அருகே எண்கள் 0.125 இடைவெளியில் நிற்கின்றன. மற்றையது கூகிள் நிறுவனத்தில் தோன்றிய 'பிஃபுளோட்'. அதில் அதே இடத்தில் இடைவெளி 1. ஆகவே 150.4 மில்லிமீற்றர் மழை அதில் 150 என்றே பதிவாகும். '150 ஐ விடக் கூடியதா?' என்றால் 'இல்லை'. 8 பிற்று வடிவங்களில் ஒன்றில் 128 க்கு அடுத்த எண் 144, அதற்கு அடுத்தது 160. அங்கே 150 என்ற எண்ணே கிடையாது! 137 முதல் 151 வரையுள்ள எல்லா முழு எண்களும் 144 ஆகிவிடும். மழையளவை யாரும் 8 பிற்றில் சேமிக்க மாட்டார்கள்தான். ஆனால் மழையை எதிர்வுகூறும் மாதிரியின் உள்ளே ஓடும் எண்கள் அப்படி இருக்கலாம்.

துல்லியம் குறைவது ஒருபுறமிருக்க, குறைந்த துல்லியத்தில் அல்லெண் பிறப்பதும் எளிது. அரைத் துல்லியத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,504. மழையளவுகளின் நியம விலகலைக் கணிக்க வர்க்கம் எடுப்பீர்கள் அல்லவா? 40 இன் வர்க்கம் 1,600, பிரச்சினையில்லை. ஒருநாள் 300 மில்லிமீற்றர் பெய்தால் வர்க்கம் 90,000. அது அரைத் துல்லியத்துக்குள் அடங்காது, முடிவிலி ஆகிவிடும். அடுத்த படியில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்க நேர்ந்தால் அல்லெண். மானி பழுதாகவில்லை, மின்சாரமும் போகவில்லை. மழை அதிகமாகப் பெய்ததாலேயே விடை 'தெரியாது' ஆகிறது. மேலே சொன்ன 8 பிற்று வடிவத்தில் முடிவிலி என்ற ஒன்றே இல்லை, உச்சம் 448. அதைத் தாண்டும் எண்ணை, நாம் அமைத்த விதத்தைப் பொறுத்து, 448 இலேயே நிறுத்திவைக்கும் அல்லது நேரே அல்லெண் ஆக்கிவிடும்.

'அல்லெண் வேண்டாம், பழைய வழக்கப்படி காணாமற்போன பதிவுக்கு −9999 என்று எழுதிவிடுவோம்' என்று சிலர் நினைக்கலாம். வானிலைக் கோப்புகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் அது. ஆனால் −9999 ஐ அரைத் துல்லியத்துக்கு மாற்றினால் −10000 ஆகிறது. பிஃபுளோட்டுக்கு மாற்றினால் −9984. 'இது −9999 ஆ?' என்று கேட்கும் சோதனை இரண்டையும் தவறவிட்டுவிடும். அதன் பின் மாதச் சராசரியில் எதிர்மறை மழை பெய்யும்! இதைப் பார்க்கையில், தான் எண்ணல்ல என்பதை வெளிப்படையாகச் சொல்லும் அல்லெண் எவ்வளவோ மேல்.

இனி ஒப்பிடும் வேலைக்கு வருவோம். 32 பிற்றில் ஓடிய பழைய நிரலின் விடைகளும், 16 பிற்றில் ஓடும் புதிய நிரலின் விடைகளும் போதிய அளவு ஒத்திருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். முழுச் சமனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஓர் அனுமதி எல்லை வைக்கிறோம். அந்த எல்லை எண்ணின் பருமனுக்கேற்ப மாற வேண்டும் என்பது முதல் விதி; 150 அருகே 1 இடைவெளி உள்ள வடிவத்தில் 0.01 வித்தியாசம்தான் அனுமதி என்பது வீண் பிடிவாதம். பெரும்பாலோர் இதுவரை சரியாக வந்துவிடுகிறார்கள். பிறகு இப்படி எழுதுகிறார்கள்: 'வித்தியாசம் எல்லையை விடக் கூடியதா? ஆம் எனில் பிழை என்று அறிவி.'

புதிய நிரல் அல்லெண் தந்திருந்தால் வித்தியாசமும் அல்லெண். அது எல்லையை விடக் கூடியதா? இல்லை. பிழை அறிவிக்கப்படாது. முற்றாகக் கெட்டுப்போன விடை, முழுப் புள்ளியோடு தேறிவிடுகிறது. இதையே திருப்பிக் கேளுங்கள்: 'வித்தியாசம் எல்லைக்குள் இருக்கிறதா? அப்படி இல்லாவிட்டால் பிழை என்று அறிவி.' இப்போது அல்லெண் அகப்பட்டுக்கொள்ளும். சாதாரண எண்களுக்கு இரண்டு கேள்வியும் ஒன்றுதான். அதனால்தான் பலர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. ஒன்று குற்றம் நிரூபிக்கப்படாதவரை நிரபராதி என்கிறது. மற்றது தகுதி நிரூபிக்கப்படாதவரை தேறவில்லை என்கிறது. நீதிமன்றத்துக்கு முதலாவது பொருந்தும். சோதனைக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

இரண்டு பட்டியலிலும் ஒரே இடத்தில் அல்லெண் இருந்தால்? அந்த மானி அன்று வேலை செய்யவில்லை. பழைய நிரலும் 'தெரியாது' என்றது, புதியதும் 'தெரியாது' என்றது. இதைப் பொருத்தம் என்றே கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் மென்பொருள் நூலகங்கள் இதில் ஒருமித்து நிற்பதில்லை. நம்பை நூலகத்தின் சாதாரண ஒப்பீட்டுச் செயல், நாம் வேறாகச் சொல்லாதவரை இதைப் பொருந்தாது என்கிறது. அதே நூலகத்தின் சோதனைப் பகுதியிலுள்ள செயலோ பொருந்தும் என்கிறது. பைடோர்ச் பொருந்தாது என்கிறது. ஆகவே இயல்பு அமைப்பை நம்பாமல் நாமே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. என்னைக் கேட்டால், முதலில் எண்களை விட்டுவிட்டு அல்லெண் நிற்கும் இடங்களை மட்டும் ஒப்பிடுவேன். இடங்கள் பொருந்தினால் மட்டுமே மிச்சமுள்ள எண்களுக்குள் போவேன். மிச்சம் எத்தனை என்றும் எண்ணிப் பார்ப்பேன், ஏனெனில் எல்லாமே அல்லெண் ஆகிவிட்ட இரண்டு பட்டியல்கள் மிக அழகாகப் பொருந்தும்!

'மிகப் பெரிய வித்தியாசம் எவ்வளவு?' என்று கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரியதைத் தேடும் செயல்களில் சில அல்லெண்ணைக் கண்டால் அதையே விடையாகத் தரும். சில அதைத் தாண்டிப் போய்விடும். 2008 நியமத்தில் இருந்த தாண்டிப் போகும் செயல்களை 2019 திருத்தத்தில் நீக்கி, இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். பைதன் மொழியின் சாதாரணச் செயல் இன்னும் வேடிக்கையானது. பட்டியலில் அல்லெண் முதலாவதாகவும் 1 இரண்டாவதாகவும் இருந்தால் 'பெரியது அல்லெண்' என்கிறது. இடம் மாற்றி வைத்தால் 'பெரியது 1' என்கிறது. யார் வரிசையில் முதலில் நின்றார்களோ அவர்களுக்கே பரிசு. கணினி அறையில் நீங்களே செய்து பார்க்கலாம்.

'எண்ணாகப் பார்த்தால்தானே சிக்கல், பிற்றுகளை அப்படியே ஒப்பிட்டால் என்ன?' என்று கெட்டிக்காரச் சகோதரி ஒருத்தி கேட்கக் கூடும். அல்லெண்ணுக்கு ஒரே முகம் இருந்தால் அது சரிவரும். ஆனால் அடுக்குப் பகுதியின் பிற்றுகள் எல்லாம் 1 ஆகவும், பின்னப்பகுதி பூச்சியம் அல்லாததாகவும் இருந்தாலே அது அல்லெண். அரைத் துல்லியத்தில் அப்படி 2,046 முகங்கள் உண்டு, பிஃபுளோட்டில் 254. முகம் வேறானால் பிற்று ஒப்பீடு பொருந்தாது என்று சொல்லிவிடும். மாற்றும்போது நடப்பதோ இன்னும் மோசம். 32 பிற்று எண்ணின் பின்பாதியை வெட்டினால் பிஃபுளோட் கிடைக்கும் என்பது எல்லோரும் அறிந்த குறுக்குவழி. அல்லெண்ணின் அடையாளம் அந்தப் பின்பாதியில் மட்டும் இருந்தால், வெட்டிய பிறகு பின்னப்பகுதி பூச்சியமாகி அது முடிவிலி ஆகிவிடும். வெட்டாமல் மட்டம்தட்டினால், எல்லாப் பிற்றும் 1 ஆக நிற்கும் அல்லெண்ணில் 999 உடன் 1 ஐக் கூட்டியது போல மிகுதி ஏறிக்கொண்டே போய்க் குறிப் பிற்றையும் தொட்டுவிடும். கிடைப்பது எதிர்மறைப் பூச்சியம். 'தெரியாது' என்றிருந்தது 'மழையே பெய்யவில்லை' என்றாகிறது. ஆகவே மாற்றுவதற்கு முன்னரே அல்லெண்ணைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கையாள வேண்டும்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பது வேலையைப் பொறுத்தது. புள்ளிச் சராசரியில் அதைத் தாண்டிச் செல்லலாம். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றும்போது ஒரு படியில் முடிவிலியோ அல்லெண்ணோ வந்தால், பைடோர்ச்சின் கலப்புத் துல்லியப் பயிற்சி அந்தப் படியைக் கைவிட்டு, எண்களைப் பெருக்கிவைக்கும் காரணியைப் பாதியாக்கிவிட்டுத் தொடர்கிறது. இலட்சக்கணக்கான படிகளில் ஒன்று போனால் நட்டமில்லை. மழை எச்சரிக்கையில் அப்படித் தாண்டிப் போக முடியாது. அதற்காகத் தகவல் நின்ற ஒவ்வொரு முறையும் 'வெளியேறுங்கள்' என்று அலறவும் கூடாது. நான்காவது முறை யாரும் லயத்தைவிட்டு இறங்க மாட்டார்கள்.

அதனால் நமது சிறு நிரலுக்கு மூன்று பதில்கள் வேண்டும். முதலில் 'இது எண்ணா?' என்று கேட்க வேண்டும். இல்லையெனில் 'தெரியவில்லை' என்று வேறு நிறத்தில் காட்டி, கடைசியாக வந்த பதிவையும் அதன் நேரத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். எண் என்றால் மட்டுமே 150 உடன் ஒப்பிட வேண்டும். நான்கு மானிகள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். மூன்றிலிருந்து பதிவு வருகிறது: 62, 88, 96. நான்காவது அதிகாலை 4.20 க்கு 131 என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. அல்லெண்ணைத் தாண்டிச் செல்லும் நிரல் 'உச்ச மழை 96' என்று காட்டும். நமது நிரல் 'உச்சம் 96, பதிலளித்தவை மூன்று. ஒன்று தெரியவில்லை, 4.20 க்கு 131' என்று காட்டும். பணியிலிருப்பவர் அந்த நான்காவது மானிக்குப் பக்கத்திலுள்ள தோட்ட அலுவலகத்துக்கு உடனே தொலைபேசி எடுப்பார்.